கேஸ் குழாய் இல்லாத கட்டடம்

கேள்வி: நியூயார்க்கில் புதுக் கட்டடங்களுக்கு கேஸ் கிடையாதாமே? அந்த மின்சாரமும் புகையில்தானே பிறக்கிறது? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: நியாயமான சந்தேகம்தான். அந்நகர மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் எரிவாயுவில் இருந்தே வருகிறது. 2021-இல் இந்தியன் பாயிண்ட் அணுமின் நிலையத்தை மூடியதும் அதற்கு ஒரு காரணம். ஆனாலும் அதே ஆண்டு வந்த இந்தத் தடைச் சட்டம் சரியென்றே சொல்வேன். நகரின் கரியமில உமிழ்வில் சுமார் 70 சதவீதம் கட்டடங்களுடையது. குளிர்காலம் முழுக்க பாய்லர் எரிகிறதே! அதற்குப் பதிலாக வைக்கும் ஹீட் பம்ப் எதையும் எரிப்பதில்லை. வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இறைக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு, மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். தவிர, கேஸ் அடுப்பு கக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடு ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு ஆகாது. இண்டக்‌ஷன் அடுப்பில் அந்தத் தொல்லை இல்லை. உணவகச் சமையலறைகளுக்கு விலக்கு உண்டு. ஏற்கெனவே நிற்கும் வீடுகளின் கேஸ் குழாயை இச்சட்டம் தொடாது; அதுதான் இதன் பெரிய குறை.