தொழிற்பெயரை ஒட்டினால் கூகுள் தூக்கி வைக்குமா?

கல்முனையில் இணையத்தளம் செய்துகொடுப்பது என் தொழில். இந்த ஒரு கதையைக் கேட்காமல் எனக்கு ஒரு கிழமை போவதில்லை. ரியூஷன் மாஸ்டர் சொல்கிறார், பல் வைத்தியர் சொல்கிறார், வீட்டுப் பிளான் கீறுகிறவரும் அதையேதான் சொல்கிறார்: "தொழில்ட பேரும் ஊர்ட பேரும் டொமைன்ல இருந்தாத்தான் கூகுள்ல முதலாவதா வருமாம். நம்மட சொந்தப் பேர்ல எடுத்தா ஆரும் காணமாட்டாங்களாம்."

யார் சொன்னது என்று கேட்டால், முன்பு டொமைன் வாங்கிக்கொடுத்தவர் சொன்னார், யூரியூபில் ஒருவர் சொன்னார் என்பார்கள். அதற்கு மேல் ஆதாரம் கிடையாது. இந்தப் பேச்சை நம்பி, ஆண்டுக்கணக்காகப் படிப்பித்தும் வைத்தியம் பார்த்தும் பெயர் எடுத்தவர்கள், எடுத்த பெயரைத் தாங்களே மறைத்துவிட்டு யாருடையது என்று தெரியாத ஒரு பெயருக்குள் போய் ஒளிகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

கோமாரியிலிருந்து ஒரு தம்பி வந்தார். அறுகம்குடாவுக்கு வரும் வெளிநாட்டவர்களை அலைச்சறுக்குக்கும் குமணவில் பறவை பார்க்கவும் கூட்டிப்போகிறவர். எந்த மாதத்தில் எந்த முனையில் அலை எப்படி உடையும் என்று வாயாலேயே படம் போட்டுக் காட்டினார். பிறகு போனைத் திறந்து, தெரிவுசெய்து வைத்திருந்த பெயர்களைக் காட்டினார்: பெஸ்ட் அறுகம்பே சேர்ஃப் கைட் டொட் கொம், அறுகம்பே சேர்ஃப் கைட் லங்கா டொட் கொம், சேர்ஃப் கைட் அறுகம்பே 24 டொட் நெட். "அண்ணன், இதில எது மேல வரும்?" என்று கேட்டார். அந்தப் பட்டியலில் அவருடைய பெயர் ஒரு இடத்திலும் இல்லை. ஊருக்குத் திரும்பிப் போகும் வெள்ளைக்காரர் தன் கூட்டாளியிடம் அந்தத் தம்பியின் பெயரைச் சொல்லித்தான் "அவரைப் பிடி" என்பார். 'சேர்ஃப் கைட் அறுகம்பே 24' என்று ஒருவரும் சொல்லப் போவதில்லை.

இப்போது உண்மைக்கு வருவோம். ஒரு காலத்தில் இந்தக் கதையில் கொஞ்சம் சரக்கு இருந்தது. தேடுகிற சொல்லும் டொமைனும் ஒன்றாக இருந்தால், உள்ளே ஒன்றுமே இல்லாத தளம்கூட மேலே வந்து நின்றது. அதைத் திருத்தத்தான் கூகுள் 2012 செப்டம்பர் 28ஆம் திகதி ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. அப்போது ஸ்பாம் தடுப்புக்குப் பொறுப்பாக இருந்த மெட் கட்ஸ் அதைத் தானே அறிவித்தார்: சொல்லுக்குச் சொல் பொருந்தும் டொமைனை வைத்துக்கொண்டிருக்கும் தரமற்ற தளங்கள் இனிக் கீழே இறங்கும். இன்றைக்குக் கூகுள் தள உரிமையாளர்களுக்கென்று வெளியிட்டிருக்கும் ஆரம்ப வழிகாட்டியும் இதையேதான் சொல்கிறது. டொமைனில் இருக்கும் தேடற்சொற்களால் வரிசையில் கிடைக்கும் பயன் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 2012இல் செத்த உத்தியை இன்றைக்கும் காசு வாங்கிக்கொண்டு விற்கிறவர்களை என்னவென்று சொல்வது?

"இல்லை, நான் தேடிப் பார்த்தேன், என்னுடையது முதலாவதாக வருகிறதே" என்பார்கள். வரும். தன் போனில், தன் தளத்துக்கு நாளுக்குப் பத்துத் தரம் போய்வந்த அதே போனில், தன் டொமைனில் இருக்கும் சொற்களையே தட்டித் தேடினால் வராமல் என்ன செய்யும்? உங்களைத் தெரியாத ஒருவரின் போனை வாங்கி, அவர் எப்படிக் கேட்பாரோ அப்படித் தேடிப் பாருங்கள். கல்முனையில் பல் வைத்தியர் என்று தேடினால் பெரும்பாலும் முதலில் வந்து நிற்பது வரைபடமும் அதன் கீழே சில பெயர்களும். அந்தப் பெயர்கள் எப்படித் தெரிவாகின்றன என்பதையும் கூகுள் மறைக்கவில்லை: தேடலோடு உள்ள பொருத்தம், தேடுகிறவரிடமிருந்து தூரம், அந்த இடம் எவ்வளவு அறியப்பட்டது என்பது. உங்களிடம் வந்துபோனவர்கள் எழுதிய கருத்துகள் அங்கே பேசும். அந்த வரைபடப் பதிவிலும் சிலர் பெயரோடு 'பெஸ்ட்', 'நம்பர் வண்' என்று ஒட்டுகிறார்கள். நிஜத்தில் பெயர்ப்பலகையில் உள்ள பெயரைத்தான் போட வேண்டும் என்பது விதி. மீறினால் பதிவையே இடைநிறுத்தலாம்.

பொதுச்சொல்லால் பிழைத்தவர்கள் யார் என்று உலகத்தைப் பார்ப்போம். செல்லப்பிராணிகளுக்கான பொருள் விற்ற பெட்ஸ் டொட் கொம் 2000 பெப்ரவரியில் பங்குச் சந்தைக்கு வந்து அதே ஆண்டு நவம்பரில் மூடப்பட்டது. அதைவிடப் பொருத்தமான டொமைன் அந்த வியாபாரத்துக்கு இருக்க முடியாது. புக்ஸ் டொட் கொம் அமெரிக்காவின் பான்ஸ் அண்ட் நோபிள் புத்தகக் கடையின் கையில் இருக்கிறது. சனம் புத்தகம் வாங்கப் போனதோ ஒரு ஆற்றின் பெயரை வைத்திருந்த அமேசனுக்கு. நம் நாட்டிலேயே பாருங்கள். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தமிழ்ப் புத்தகம் தேடுகிறவர் பூபாலசிங்கத்துக்குப் போகிறார். அது ஒரு மனிதரின் பெயர்.

இன்னொரு விஷயத்தை இந்தக் கதை விற்கிறவர்கள் சொல்லவே மாட்டார்கள். ஊரையும் தொழிலையும் ஒட்டிய பெயரைச் சட்டமும் உங்களுக்குத் தராது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, சரக்கின் வகையையோ தரத்தையோ அது வரும் இடத்தையோ மட்டும் சொல்லும் குறியை வர்த்தகக் குறியாகப் பதிய முடியாது. 'கல்முனை பிசிக்ஸ்' எல்லோருக்கும் பொது. நீங்கள் அதை டொட் கொம்மில் எடுத்தால், அடுத்த தெருவில் இருப்பவர் டொட் எல்கேயில் எடுப்பார். மூன்றாமவர் சொற்களை முன்பின் மாற்றி எடுப்பார். பெற்றோர் உங்களைத் தேடிப் போய் அவர்களுடைய வட்ஸ்அப்புக்கு மெசேஜ் போடுவார்கள். கேட்க ஒரு வழியும் இருக்காது. அக்கரைப்பற்றிலும் வகுப்புத் தொடங்கினால் அந்தக் 'கல்முனை'யை என்ன செய்வீர்கள்?

ஆகவே ஒரு துறையில் அறியப்பட வேண்டும் என்று நினைக்கிறவர் தன் பெயரிலேயே எடுக்க வேண்டும். இதில் மெனக்கெட வேண்டிய இடம் எழுத்துக்கூட்டல். நம் பகுதியில் யாரும் கவனிக்காததும் அதுதான். சாய்ந்தமருது என்று ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ஒரே தெருவில் மூன்று பெயர்ப்பலகை மூன்று விதமாக இருக்கும்: ஒருவர் ரீ எச் போடுவார், ஒருவர் டீ போடுவார், இன்னொருவர் இரண்டையும் கலப்பார். ஆள் பெயர் இதைவிட மோசம். முகம்மது என்பதை எத்தனை விதமாக எழுதுகிறோம்! பாத்திமாவில் எச் உண்டா இல்லையா? அதற்கு முன்னால் மூன்று இனிஷல். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, பட்டச் சான்றிதழில் ஒன்று, டொமைனில் நாலாவது ஒன்று. உங்கள் தகைமையைச் சரிபார்க்க ஒருவர் தேடும்போது இந்த நாலும் நாலு ஆளாகத் தெரியும். தொழில் பதிவேட்டில் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில் டொமைனையும் எடுங்கள். மின்னஞ்சல், பெயர்ப்பலகை, பேஸ்புக் எல்லாவற்றிலும் அதே எழுத்து இருக்கட்டும். இலங்கைத் தமிழ் நூல்களைச் சேர்த்து வைக்கும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கியது. அந்தச் சொல்லை நாம் உச்சரிக்கிறபடி ஜீ போடாமல் எச் போட்டு எழுதி, கடைசிவரை அதையே பிடித்து நின்றார்கள். இன்று ஆய்வு செய்கிறவர் எவருக்கும் அந்த எழுத்து மனப்பாடம்.

டொமைனைத் தெரிவுசெய்த பிறகு ஒரு சோதனை போதும். பஸ்ஸுக்குள் இருக்கும் ஒருவருக்கு அதைப் போனில் ஒரு தரம் சொல்லுங்கள், திருப்பி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பிழைத்தால் பெயரைச் சுருக்குங்கள்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை.

டொட் ஓர்க் எடுத்தால் தொண்டு நிறுவனம் என்று நம்புவார்களாம். டொட் ஓர்க் யாரும் வாங்கலாம். எவரும் நினைத்தபடி எடுக்க முடியாதவை அரசுக்கான கவ் டொட் எல்கே, ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கான ஏசி டொட் எல்கே மாதிரியானவை.

டொமைனில் 'டொக்டர்' என்று சேர்த்தால் மதிப்பாம். டொமைன் விற்கிற கொம்பனி உங்களிடம் சான்றிதழ் கேட்பதில்லை. மதிப்பு இலங்கை மருத்துவச் சபையின் பதிவில் இருக்கிறது. பதிவிலக்கத்தைத் தளத்தின் முதற்பக்கத்தில் போடுங்கள். சுற்றுலா வழிகாட்டி என்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிப்பத்திர இலக்கத்தைப் போடுங்கள்.

பூட்டுச் சின்னம் இருந்தால் நம்பகமான தளமாம். தகவல் போகும் வழி மறைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை. மோசடிக்காரரும் இலவசமாகப் பூட்டு வாங்குகிறார். சனம் பிழையாக விளங்கிக்கொள்கிறது என்பதால் குரோம் 2023இல் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டது.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தாயிற்று, இனிப் பெயர் எனக்கே சொந்தம் என்பது அடுத்தது. அது பெயர்ப் பதிவு மட்டும். மற்றவர் பாவிக்காமல் தடுக்க வேண்டுமானால் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வர்த்தகக் குறியாகப் பதிய வேண்டும். பத்து ஆண்டுக்கு ஒரு தரம் புதுப்பிக்க வேண்டும். டொமைனும் அப்படித்தான், தவணைக்குக் காசு கட்டும்வரைதான் உங்களுடையது. நடிகை ஜூலியா றொபர்ட்ஸின் பெயரில் டொமைனை வேறொருவர் எடுத்து வைத்திருந்தார். உலக புலமைச் சொத்து அமைப்பின் நடுவர் குழு 2000ஆம் ஆண்டு அதை நடிகைக்கே மாற்றக் கட்டளையிட்டது. பெயர் அவரது தொழிலோடு அவ்வளவு ஒட்டியிருந்ததால் அது நடந்தது. ஊரும் தொழிலும் ஒட்டிய பெயரோடு போய் நின்றால் அப்படிக் காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது?

டொட் எல்கே மலிவாகத் தெரியும் என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் நாட்டு முடிவு 1990இலிருந்து இருக்கிறது. முடிவு எதுவென்பது தேடல் வரிசையில் பெரிதாக எதையும் மாற்றாது. மாற்றுகிற கொஞ்சமும் குறிப்பிட்ட நாட்டு வாசகரைத் தேடும்போதுதான். அம்பாறைக் கரையோரத்து நோயாளிக்கும் மாணவனுக்கும் வேலை செய்கிறவர் எல்கேக்கு வெட்கப்பட என்ன இருக்கிறது?

அதோடு இன்னொரு கதவும் திறந்தே கிடக்கிறது. 2010இலிருந்து டொட் இலங்கை என்று தமிழ் எழுத்திலேயே முடியும் டொமைன் எடுக்கலாம். தமிழ் எழுத்தில் இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் எங்களுக்கும் மட்டுமே அப்படி நாட்டு முடிவு உண்டு. இருந்தும் கல்முனையிலிருந்து பொத்துவில் வரை கடைவீதியில் அப்படி ஒரு முகவரி எழுதிய பெயர்ப்பலகையை நான் இன்னும் காணவில்லை. ரீ எச்சா டீயா என்ற பிரச்சினையே அங்கே கிடையாது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையும் கேட்டதும் எழுதிவிடும். சிக்கலும் உண்டு: முகவரியைப் பிரதிசெய்தால் சில இடங்களில் புரியாத ஆங்கில எழுத்துக் கோர்வையாக விழும், தமிழ் மின்னஞ்சல் முகவரியைப் பல இணையப் படிவங்கள் ஏற்பதில்லை. அதனால் மின்னஞ்சலுக்கு எல்கேயை வைத்துக்கொண்டு, பெயர்ப்பலகைக்கும் துண்டுப்பிரசுரத்துக்கும் தமிழ் முகவரியைப் போட்டு, இரண்டையும் ஒரே தளத்துக்குத் திருப்பிவிடச் சொல்கிறேன். தமிழிலேயே படிப்பிக்கிற, தமிழிலேயே மருந்து சொல்கிற எங்கள் ஆட்கள் முதலில் இதை எடுக்க வேண்டும். எடுக்கும்போது செய்துகொடுக்கிறவரின் பெயரில் பதிய விடாதீர்கள். பதிவில் உங்கள் பெயர், உங்கள் மின்னஞ்சல், உங்கள் போன் இலக்கம் இருக்கிறதா என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். கடவுச்சொல்லைக் கையோடு வாங்குங்கள். புதுப்பிக்கும் திகதியை வீட்டுக் கலண்டரிலும் எழுதி வையுங்கள்.