பையன் லண்டனில், வரி ஓலை வீட்டில்

கேள்வி: என் மகன் லண்டனில் முழுநேர முதுகலை படிக்கிறான். வாடகை வீட்டுக்கு 'கவுன்சில் டாக்ஸ்' கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறதாம். மாணவனுக்கு வரி கிடையாது என்றார்களே?
- ஒரு தாய், திண்டிவனம்

பதில்: கிடையாதுதான் அம்மா. ஆனால் மாணவன் என்று அவன்தான் காட்ட வேண்டும். திண்டிவனம் ஸ்டேஷனில் மாணவர் சீசன் டிக்கெட் எடுக்க, கல்லூரியில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய படிவத்தை நீட்டுகிறோமே, அதே கதைதான். பல்கலைக்கழகத்தில் மாணவர் சான்றிதழ் வாங்கி, நோட்டீஸில் உள்ள கணக்கு எண்ணுடன் கவுன்சிலுக்கு (நம் ஊர் நகராட்சி மாதிரி) அனுப்பச் சொல்லுங்கள். படிப்பு தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் அதில் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

விழுப்புரத்தில் வீட்டு வரி வீட்டுக்காரர் தலையில். அங்கே பெரும்பாலும் குடியிருப்பவர் தலையில். அதனால் கூட யார் தங்கியிருக்கிறார் என்பது முக்கியம். எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் வரியே இல்லை. வேலைக்குப் போகும் நண்பர் ஒருவர் சேர்ந்தால் 25 சதவீதத் தள்ளுபடி மட்டும். இருவர் என்றால் அதுவும் போச்சு. (வாடகையைப் பங்கு போட ஆள் சேர்க்கும்போது இதை யாரும் யோசிப்பதில்லை.) மகனுக்கு மனைவி இருந்து, அவர் பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாதவர், விசாவில் அரசு உதவித்தொகை பெறத் தடையும் உண்டு என்றால் அவரையும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். விசா நகல் வேண்டும்.

படிப்பு முடிந்த பிறகும் விசா சில மாதம் ஓடும். வரி விலக்கு ஓடாது. விலக்கு உறுதியாகும் வரை நோட்டீஸைக் குப்பையில் போட வேண்டாம். வழக்குச் செலவோடு கோர்ட் சம்மன் வரும்.