யாழ்வல்லோன் சிறையும் யூகியின் கோலமும்: பெருங்கதை உஞ்சைக் காண்டத்தில் துணைவரும் சிறைசெய்தோரும்

இசைவல்லான் ஒருவன் பகைவர் கையகப்பட்டுச் சிறையிருத்தலும், துணைவர் அவனை மீட்டுக் காடுகடந்து செல்லுதலும் உலகக் கதைமரபுகள் பலவற்றில் காணப்பெறும் கதைக்கூறு ஆகும். தமிழில் இதனை முழுவிரிவோடு கூறும் காப்பியம் கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதை. வத்தவ நாட்டுக் கோசம்பி மன்னன் உதயணன் கோடபதி என்னும் யாழுக்குரியவன். அவனைச் சிறைசெய்தவன் உஞ்சேனை வேந்தன் பிரச்சோதனன். மீட்டவன் அமைச்சனும் தோழனுமாகிய யூகி. உதயணன் யாழால் வென்றான் என்பதே இக்கதையைச் சுருக்கிக் கூறுவோர் பெரும்பாலும் முன்வைக்கும் கருத்து. நூலின் அமைப்பு இக்கருத்துக்கு இடந்தருகிறதா என்பதே இக்கட்டுரையின் வினா.

முதலில் நூலின் நிலையை நினைவிற்கொள்ளல் வேண்டும். உ.வே. சாமிநாதையர் 1924இல் பதிப்பித்த பெருங்கதை முதலும் இறுதியும் இழந்த நூல். உஞ்சைக் காண்டத்தின் ஐம்பத்தெட்டுப் பகுதிகளுள் முதல் முப்பத்தொன்று கிடைக்கவில்லை. ஆகவே உதயணன் பிடிபட்ட செய்தியைக் கொங்குவேளிர் வாய்மொழியாக நாம் படிக்க இயலாது. அதனை அறியத் துணைபுரிவது உதயணகுமார காவியம். ஐயரவர்களே 1935இல் வெளியிட்ட அச்சிறுகாப்பியம் கதையை விருத்தத்தில் சுருங்கச் சொல்லிச் செல்வது. கதையோட்டத்திற்கு அதனைத் துணைக்கொள்ளலாம். பாத்திரப் பண்பை அதனைக்கொண்டு முடிவு செய்தல் பொருந்தாது. பெருங்கதை ஆய்வுகள் சிலவற்றில் இவ்விரண்டு நூற்செய்திகளும் வேறுபாடின்றிக் கலந்து கிடப்பதைக் காணலாம்.

பிடிபட்ட வகை நுட்பமானது. உதயணன் தன் தெய்வயானையை இழந்து அதனைத் தேடி வருந்துகின்றான். அவ்வேட்கையை அறிந்த பிரச்சோதனன் வீரரை உள்ளடக்கிய பொறியானை ஒன்றைக் காட்டில் விடுவிக்கின்றான். உண்மை யானையென்று அதனை அணுகிய உதயணனை அமைச்சன் சாலங்காயனும் படையும் சூழ்ந்து பற்றுகின்றனர். போர்க்களத்தில் வெல்ல அரியவனை அவன் விருப்பத்தின் வழியே வீழ்த்திய சூழ்ச்சி இது. தமிழ்ச் செய்யுள் கேட்டுப் பழகியோர்க்கு இவ்விடத்து அசுணம் நினைவுக்கு வருதல் இயல்பு. யாழிசையால் மயக்கி வரவழைத்துப் பின் பறையொலியால் அதனைக் கொல்லும் வேட்டுவர் செய்தி சங்கப் பாடல்களில் உண்டு. நற்றிணையின் 304ஆம் பாட்டு தலைவனின் மார்பு இன்பமும் துன்பமும் ஒருசேரத் தருவதற்கு அசுணங்கொல்வோர் கையையே உவமையாக்குகிறது. யானையைத் தன் இசையால் ஈர்த்து வந்தவன் யானையுருவால் ஈர்க்கப்பட்டுப் பிடிபடுகின்றான். வேடன் இங்கே அசுணமாகின்றான்.

விடுதலையின் தொடக்கமும் யானையே. யூகியின் சூழ்ச்சியால் மதங்கொண்ட நளகிரி என்னும் பட்டத்து யானை உஞ்சேனை நகரை அலைக்கழிக்கிறது. அடக்க வல்லார் பிறர் இன்மையால் சிறையிலிருந்த உதயணனை வேந்தன் நாடுகின்றான். யாழ் யானையை அடக்குகிறது. தோட்டிக்கு அடங்காத களிறு யாழுக்கு அடங்கி நிற்பதைக் கலித்தொகையின் பாலைக்கலி முன்னரே உவமையாக ஆண்டுள்ளது. எனவே தமிழ்க் கேட்போர்க்கு இந்நிகழ்ச்சி வடபுலத்து விந்தையாகத் தோன்றியிராது. ஆயினும் இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. யாழிசையைக் கேட்டு நெகிழ்ந்தது யானை. சிறைசெய்த வேந்தன் அல்லன். வேந்தன் கண்டது ஒரு திறம். அத்திறத்தைத் தன் அரண்மனைக்குப் பயன்படுத்திக்கொள்கின்றான். மகள் வாசவதத்தைக்கு யாழ்க்கலை பயிற்றும் ஆசானாக உதயணனை அமர்த்துகின்றான். தளை நீங்கியது, ஊர் எல்லை நீங்கவில்லை. சிறை வடிவம் மாறிற்று என்பதே பொருத்தம்.

இதனைச் சங்க மரபோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றனெனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது கோவூர்கிழார் பாடி உய்யக்கொண்டார் (புறம். 47). பரிசில் வாழ்க்கை பிறர்க்குத் தீங்கறியாதது என்ற வாதமே அப்பாட்டின் உயிர். மலையமான் மக்களை யானைக்காலில் இடப்புகுந்த கிள்ளிவளவனிடம் அவரே பாடியதும் (புறம். 46) அத்தகையது. பொய்கையார் களவழி பாடிச் சேரமானைச் சிறைவீடு செய்வித்தார் என்னும் மரபும் உண்டு. (புறநானூற்று 74ஆம் பாட்டின் குறிப்போ அச்சேரன் குடவாயிற்கோட்டச் சிறையில் நீர் உண்ணாது மாய்ந்தான் என்கிறது, இம்முரண் தனியே ஆராயத்தக்கது.) இம்மூன்றிலும் புலவன் பாட்டு நேரே சிறைசெய்தவன் செவியைச் சேர்கிறது, அவன் மனத்தை மாற்ற முயல்கிறது. பிணித்தோனும் பிணிபட்டோனும் ஒரே அறத்தை ஒப்புக்கொண்டவர்கள் என்ற நம்பிக்கை அங்கே உண்டு. பெருங்கதையில் அந்நம்பிக்கைக்கு இடமில்லை. பாட்டு வேந்தனைத் திருத்தவில்லை, காவலைத் தளர்த்தியது. எஞ்சிய வேலை துணைவருடையது.

அத்துணைவருள் யூகி தலைமையானவன். தான் இறந்துபட்டதாகச் செய்தி பரப்பிவிட்டு மாறுகோலத்தில் உஞ்சேனை புகுகின்றான். துறவுக்கோலத்துச் சாங்கியத்தாய் நகரினுள்ளே அவனுக்குத் துணையாகின்றாள். வயந்தகன் உதயணனுக்கு அருகிருந்து உதவுகின்றான். உருமண்ணுவாவும் இடபகனும் வெளியே தத்தம் நிலையில் காத்திருக்கின்றனர். இவருள் யூகியின் கோலம் தமிழ் மக்கள் உள்ளத்தில் எவ்வளவு ஆழப் பதிந்திருந்தது என்பதற்கு மணிமேகலை சான்று. பாத்திரம் ஏந்தி வீதியில் வந்த மணிமேகலையைச் சூழ்ந்த கூட்டத்திற்குச் சாத்தனார் தரும் உவமை இதுவே: வத்தவனின் தளை நீக்க உஞ்சையில் தோன்றிய யூகியின் உருவுக்குப் பொருந்தாத நோயைக் கண்டு இரங்கிச் சூழ்ந்த மக்கள்போல என்கிறார். விளக்கம் வேண்டாத அளவுக்கு அக்கதை அறியப்பட்டிருந்தால்தான் இவ்வுவமை செல்லும். சாத்தனார் நினைவில் நின்றது உதயணனின் யாழன்று, யூகியின் பொய்நோய் என்பது என் வினாவுக்கு ஒரு பழைய விடை. பின்னர் மணிமேகலை சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்கச் செய்தாள் என்பதையும் இங்கே நினைக்கலாம். அதுவும் பாட்டால் ஆனதன்று.

வடமொழியிலும் இந்நிலையே. பாசனின் பிரதிஞ்ஞா யௌகந்தராயணம் அமைச்சனின் வஞ்சினத்தைத் தலைப்பாகவே கொண்டது. அந்நாடகத்தில் உதயணனும் வாசவதத்தையும் மேடைக்கு வருவதேயில்லை. இசைவல்லானைக் காட்டாமலே அவன் விடுதலையைச் சொல்லிவிட முடியும் என்று பாசன் கண்டிருக்கின்றான்.

அண்மைக்கால ஆங்கிலச் சிறுவர் புனைவொன்று ஒப்புநோக்கத் தக்கது. பிரையன் ஜேக்ஸ் 1988இல் வெளியிட்ட மாஸ்பிளவர் என்னும் நாவலில் கான்ஃப் என்னும் எலி பாடகனும் கள்வனுமாக வருகின்றது. சார்மினா என்னும் காட்டுப்பூனையின் கோட்டிர்க் கோட்டைச் சிறையில் மார்ட்டின் என்னும் போர்வீர எலியோடு அடைபடுகின்றது. அங்கே பாட்டும் பூட்டுத் திறக்கும் கைத்திறமும் ஓருயிரிலேயே அமைந்துள்ளன. சிறைசெய்த பூனையோ கொடுமையின் உருவம். பெருங்கதை இவ்விரு திறங்களையும் இருவரிடம் பிரித்துவைக்கிறது. யாழ் உதயணனுக்கு, வஞ்சம் யூகிக்கு. இப்பிரிவினையால் தலைவன் மாசின்றி நிற்க, அவன்பொருட்டுச் செய்யத்தகாதன செய்யும் சுமை தோழன்மேல் ஏறுகிறது.

அச்சுமை சிறிதன்று. நீராட்டுவிழா நாளில் நகரம் வறிதான வேளை பார்த்து யூகியின் ஆட்கள் உஞ்சேனைக்குத் தீயிடுகின்றனர். 'ஊர் தீயிட்டது', 'பிடியேற்றியது' என்னும் அடுத்தடுத்த பகுதித் தலைப்புகளே காரண காரியத் தொடர்பைக் காட்டிவிடுகின்றன. அக்குழப்பத்தில் பத்திராபதி என்னும் பிடியின்மேல் வாசவதத்தையை ஏற்றிக்கொண்டு உதயணன் நகர் நீங்குகின்றான். தோழி காஞ்சனமாலையும் வயந்தகனும் உடன் செல்கின்றனர். தப்பிச்செல்லும் கதையில் கேட்போர் மனம் ஓடுவோர் பின்னே ஓடும். கொங்குவேளிர் உடனே பின்தொடரவில்லை. 'உழைச்சன விலாவணை', 'உரிமை விலாவணை' என இரு பகுதிகளைப் புலம்பலுக்கென ஒதுக்குகின்றார். வாசவதத்தையின் ஏவல்மகளிரும் அரண்மனை மகளிரும் அவளை இழந்து அழும் அழுகை அது. பொறியானை விட்டவன் வீட்டிலும் ஒரு தாய் அழுகின்றாள். சிறைசெய்தோரைப் பகைவர் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட்டு மேற்செல்ல இக்காப்பியம் நம்மை விடவில்லை. இலக்கிய வரலாறுகள் இவ்விரு பகுதிகளையும் வருணனை மிகுதி என்று ஒரு தொடரில் கடந்துவிடுகின்றன. யூகியின் வெற்றிக்கு நகரம் கொடுத்த விலையை நூல் கணக்கிட்ட இடம் இதுவே என்பது என் கருத்து. பிற்பகுதியும் இதற்கு அரண் செய்கிறது. வத்தவ காண்டத்தில் பிரச்சோதனன் தூது விடுகின்றான். உதயணன் அவனுக்குப் பண்ணிகாரம் விடுக்கின்றான். சிறைசெய்தவன் மாமனாகிறான், அழிக்கப்படவில்லை.

ஓட்டத்தின் வழியைக் கொங்குவேளிர் மருதம், முல்லை, குறிஞ்சி, நருமதை, பாலை எனப் பகுதிதோறும் கடக்கவைக்கின்றார். உச்சயினியிலிருந்து செல்லும் வடபுலத்து வழி தமிழ்த் திணைகளால் அளக்கப்படுகிறது. ஆசிரியரின் ஊராகக் கருதப்பெறும் விசயமங்கலம் கொங்குநாட்டது. அந்நாட்டின் தென்னெல்லையில் எழுவது பழனிமலைத்தொடர். இன்று பூம்பாறை, மன்னவனூர், போளூர் முதலிய சிற்றூர்கள் அமைந்த கொடைக்கானல் மேல்மலை சங்கப் பாக்களில் கோடையெனப் பாடப்பட்ட மலைப்பகுதியைச் சார்ந்தது. கோடைப்பொருநன் கடிய நெடுவேட்டுவனைப் பெருந்தலைச் சாத்தனார் பாடியதும் (புறம். 205), பொதினிக்குரிய பேகனின் மனைவி கண்ணகி செவ்வழி யாழிசை கேட்டுக் கலங்கியதாகப் புலவர் பாடியதும் இம்மலைநாட்டுச் செய்திகள். பெருங்கதையின் குறிஞ்சி இம்மலையைக் கண்டு எழுதியது என்று நிறுவ வேண்டுவதில்லை. திணைமரபே அவ்வருணனைக்குப் போதிய ஊற்று. ஆயின் யாழ் வேந்தனை நேரே மாற்றாமல் துயருற்றோரைக் கலங்கவைக்கும் என்ற பட்டறிவு பேகன் பாடல்களிலேயே தொடங்கிவிட்டது. அவள் அழுதாள், பேகன் திரும்ப வேண்டுமெனப் புலவர்தாம் தனியே வாதிட வேண்டியிருந்தது.

பாலை கடந்தபின் பத்திராபதி வீழ்ந்து இறக்கிறது. வயந்தகன் துணைப்படை கொணரச் செல்கின்றான். தனித்துநின்ற உதயணனைச் சவரரும் புளிஞரும் வளைக்கின்றனர். உஞ்சேனையிலிருந்து தப்பியவன் காட்டில் இரண்டாம்முறை பிடிபடும் நிலைக்கு வருகின்றான். இம்முறை அவன் கையில் யாழ் இல்லை. வில்லாலும் சொல்லாலும் காலந்தாழ்த்துகின்றான். இடபகன் படையோடு வயந்தகன் மீண்டபோதுதான் ஆபத்து நீங்குகிறது. முதற்சிறையிலிருந்து மீட்டவன் யூகி. இரண்டாவதன் வாயிலிலிருந்து மீட்டவர் வயந்தகனும் இடபகனும்.

கோடபதி எங்கே போயிற்று? பிடி விரைந்தோடிய வழியில் அது நழுவி மூங்கிற்புதரில் தங்கிவிட்டது. ஓடுவோர் அதற்காக நிற்கவில்லை. வத்தவ காண்டத்து 'யாழ் பெற்றது' என்னும் பகுதிவரை, அஃதாவது இலாவாண காண்டமும் மகத காண்டமும் முழுவதும், யாழ்வல்லோன் தன் யாழின்றியே வாழ்கின்றான். இடையில் வாசவதத்தை இறந்தாள் என்ற பொய்ச்செய்தியையும் யூகியே பரப்புகின்றான். பதுமாபதி மணமும் நாட்டு மீட்பும் அச்சூழ்ச்சியின் பயன்கள். புதரில் கிடந்த யாழை அந்தணன் ஒருவன் கண்டெடுத்துக் கோசம்பிக்குக் கொண்டுவந்து இசைக்கின்றான். அவ்விசை உதயணன் செவியில் விழுகிறது. அவன் முதலில் நினைப்பது பெற்ற அரசையன்று. உஞ்சேனையில் தன்னிடம் யாழ் பயின்றவளை.