பாடம் 9: மூன்று நாடுகள், ஒரு பயணத் திட்டம்

மாணவர்களே, கோடை விடுமுறையில் நெடுந்தொலைவு கடந்து சொந்த ஊர் செல்வோர் உங்களுள் பலர். அறுபது நாள்களுக்கு முன்பே தந்தையார் பயணச்சீட்டு முன்பதிவுக்காகக் கைப்பேசியும் கையுமாக அமர்வதையும், தாயார் வழிக்கெனப் புளிச்சோறு கட்டுவதையும் கண்டிருப்பீர்கள். அப்பயணத்தில் பல மாநிலங்களைக் கடக்கிறோம், மொழிகள் மாறுகின்றன. ஆனால் ஓரிடத்திலும் கடிகாரத்தைத் திருத்துவதில்லை. கடவுச்சீட்டை எடுத்துக் காட்டுவதுமில்லை. நாடு விட்டு நாடு செல்லும் தொடர்வண்டிப் பயணம் அத்தகையதன்று. அதற்குத் திட்டமிடும் முறையை இங்கே காண்போம்.

தாய்லாந்தின் தலைநகரான பேங்காக்கில் ஏறி, மலேசியா வழியாகச் சிங்கப்பூர் சேர்வதாகக் கொள்வோம். தொலைவு ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர். தில்லிக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட தொலைவினும் குறைவே. எனினும், முழு வழிக்கும் ஒரே பயணச்சீட்டு கிடைக்காது. பேங்காக்கிலிருந்து எல்லை நிலையமான பாடாங் பெசார் வரை ஒரு சீட்டு, மலேசியாவுக்குள் வேறு சீட்டு, சிங்கப்பூருக்குள் நுழைய மற்றுமொரு சீட்டு எனத் தனித்தனியே பெறுதல் வேண்டும். முதல் வண்டி தாமதித்தால் அடுத்த வண்டி காத்திராது. ஆகவே ஒவ்வோர் இணைப்புக்கும் இடையே தாராளமாக நேரம் விடுவதே திட்டத்தின் முதற்பணி.

பேங்காக்கிலிருந்து தென்திசை செல்லும் நெடுந்தொலைவு வண்டிகள் 2023 ஜனவரி முதல் குருங் தெப் அபிவத் என்னும் புதிய நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. பழைய வழிகாட்டி நூலை நம்பி ஹுவா லம்போங் நிலையத்தில் போய் நின்றால் வண்டி கிடைக்காது. படுக்கைப் பெட்டியில் பகலில் இருவர் எதிரெதிரே அமரும் இருக்கைகள், இரவில் கீழும் மேலுமாக இரு படுக்கைகளாகின்றன. பணியாளரே விரித்துத் தருவார், திரைச்சீலையும் உண்டு. மேற்படுக்கை சற்று ஒடுக்கமானது, கட்டணமும் குறைவு.

இவ்வழியின் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 1,000 மில்லிமீட்டர். நம் நாட்டின் அகலப் பாதையோ 1,676 மில்லிமீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை ஏறும் மலை வண்டியைப் பார்த்தவர்களுக்கு இந்த மீட்டர் பாதை புதிதன்று. உங்கள் தாத்தா பாட்டியர் இளமையில் எழும்பூரிலிருந்து தென்மாவட்டங்களுக்குச் சென்றதும் இவ்வகைப் பாதையில்தான். மூன்று நாடுகளுக்கும் அகலம் ஒன்றே. ஆதலால் முற்காலத்தில் பேங்காக்கில் புறப்பட்ட வண்டி, எல்லை கடந்து மலேசியாவின் பட்டர்வொர்த் வரை ஓடியது. இன்று பாடாங் பெசாரிலேயே பயணிகள் மாற வேண்டியுள்ளது.

இந்தப் பாடாங் பெசாரில்தான் நான் ஏமாந்தேன்.

என் சின்னத் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டத்துக்குச் சென்றவர். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய பேத்திக்குச் சுங்கைப் பட்டாணியில் திருமணம். (மலாய் மொழியில் சுங்கை என்றால் ஆறு; பெத்தானி என்றால் உழவர். நம்மவர் நாவில் அது பட்டாணியாயிற்று.) தொடர்வண்டி ஆசையால் நான் பேங்காக் வழியைத் தேர்ந்தேன். முகூர்த்தம் பத்தரை மணிக்குள். எல்லையை எட்டு மணியளவில் அடைவேன், எட்டே முக்கால் வண்டியைப் பிடிப்பேன், பத்தேகாலுக்குள் மண்டபத்தில் இருப்பேன் என ஒரு தாளில் அழகாக எழுதி வைத்திருந்தேன். குடிநுழைவு அலுவலகத்தின் சுவர்க் கடிகாரத்தைக் கண்டபோதுதான் உண்மை புலப்பட்டது. என் கைக்கடிகாரம் எட்டரை, சுவரில் ஒன்பதரை. நான் பிடிக்க எண்ணிய வண்டி, நான் வந்து இறங்குமுன்பே போய்விட்டிருந்தது.

தாய்லாந்து நேரம் நம் இந்திய நேரத்தைவிட ஒன்றரை மணி முந்தியது. மலேசிய நேரமும் சிங்கப்பூர் நேரமும் இரண்டரை மணி முந்தியவை. கிழக்கே செல்லச் செல்ல நேரம் முந்தும் எனப் புவியியலில் படித்திருப்பீர்கள். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: பாடாங் பெசார் பேங்காக்குக்குத் தெற்கே உள்ளது, சற்று மேற்கேயும்கூட. ஆயினும் மணி முந்துகிறது. காரணம் சூரியன் அன்று, அரசாணை. தீபகற்ப மலேசியாவும் கடலுக்கு அப்பாலுள்ள சபா, சரவாக் மாநிலங்களும் ஒரே நேரத்தைப் பின்பற்றவேண்டி, 1982 தொடக்கத்தில் தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டன. சிங்கப்பூரும் உடன் மாறியது. அங்கே காலை ஏழு மணியளவில்தான் பொழுது விடிவதன் காரணம் இதுவே.

அடுத்த வண்டியில் நான் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் இலை போட்டிருந்தார்கள். ஒருவரும் குறை கூறவில்லை. சின்னப் பாட்டி மட்டும் என்னை அருகே அழைத்துத் தம் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அதில் ஒரு பிடி அட்சதை இருந்தது. “ஊரிலிருந்து வர்ற பிள்ளை நீ ஒருத்தன்தானப்பா. உனக்குன்னு எடுத்து வச்சேன்” என்றார். மணமக்கள் மீண்டும் வந்து நின்றனர், நான் தூவினேன்.

இனித் தாள்கள் பற்றி. கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் நிலையில் இருத்தல் வேண்டும். நுழைவிசைவு விதிகள் அடிக்கடி மாறுவன. உறவினர் சொல்லை நம்பாமல் அந்தந்தத் தூதரகத்தின் இணையதளத்தைப் பார்க்க. மூன்று நாடுகளுமே வருகை அட்டையை இணையவழி நிரப்பச் சொல்கின்றன. வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்புதல் வேண்டும். பாடாங் பெசாரில் இரு நாட்டு அலுவலர்களும் ஒரே நிலையத்தில் இருக்கின்றனர். மூட்டை முடிச்சுகளோடு இறங்கி, முதலில் தாய்லாந்தை விட்டு வெளியேறும் முத்திரையும் பின்னர் மலேசியாவில் நுழைய இசைவும் பெற வேண்டும்.

பட்டர்வொர்த், கோலாலம்பூர் வழியாக ஜொகூர் பாரு சேர்ந்தபின் எஞ்சியது ஒரே நீரிணை. அதன்மேல் அமைந்த பாலச்சாலையில் 1923 முதல் தொடர்வண்டி ஓடுகிறது. ஐந்து நிமிடத்தில் உட்லண்ட்ஸ் வந்துவிடும். மலேசிய வண்டிகள் முன்பு நகரின் தென்கோடியில் இருந்த தஞ்சோங் பகார் நிலையம் வரை சென்றன. 2011 ஜூன் 30-இல் அங்கு கடைசி வண்டி புறப்பட்டது. உட்லண்ட்ஸில் நுழைவுச் சோதனை முடிந்து வெளியே வந்தால், தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட நாட்டில் நிற்பீர்கள்.

சொற்பொருள்
கடவுச்சீட்டு – பாஸ்போர்ட்
நுழைவிசைவு – விசா
குடிநுழைவு – அயல்நாட்டில் நுழைவோரைச் சோதித்து ஏற்கும் பணி
நீரிணை – இரு நிலப்பகுதிகளுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய கடல்

பயிற்சி
1. இந்தியாவில் காலை 6 மணி எனில், பேங்காக்கிலும் சிங்கப்பூரிலும் மணி என்ன?
2. ‘காரணம் சூரியன் அன்று, அரசாணை’ – விளக்குக.
3. பிரித்து எழுதுக: பயணச்சீட்டு, ஒவ்வோர், முற்காலம்.
4. சுங்கைப் பட்டாணியில் முகூர்த்தம் காலை 9 மணி. பேங்காக்கிலிருந்து எந்த நாளில் புறப்பட வேண்டும்? பின்னிருந்து முன்னாகக் கணக்கிட்டு, மலேசியாவிலுள்ள சிற்றப்பாவுக்கு உம் பயணத் திட்டத்தைத் தெரிவித்துக் கடிதம் எழுதுக. ஒவ்வொரு மணிக்கும் எதிரே அஃது எந்நாட்டு நேரம் எனக் குறிப்பிடுக.