அயல்நாட்டு வாழ்வும் பண்பாட்டு அதிர்ச்சியும்

பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு

முன்னுரை

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பர் நம் பெரியோர். வெளிநாடு என்றதும் வானளாவிய கட்டடங்களும் கை நிறையச் சம்பளமுமே நம் கண்முன் தோன்றுகின்றன. அங்குச் சென்று வாழ்வோரின் மனம் படும் பாட்டை நாம் எண்ணுவதில்லை. சென்ற ஆண்டு மஸ்கட்டிலிருந்து ஒரு மாணவி எங்கள் வகுப்பில் வந்து சேரும்வரை நாங்களும் எண்ணிப் பார்த்ததில்லை.

பண்பாட்டு அதிர்ச்சி என்றால் என்ன?

பழகிய நாட்டை விட்டுப் புதிய நாட்டிற்குச் செல்வோருக்கு உண்டாகும் மனக்கலக்கத்தை அறிஞர்கள் ‘பண்பாட்டு அதிர்ச்சி’ என்பர். கலெர்வோ ஓபர்க் என்னும் மானிடவியல் அறிஞர் 1954-ஆம் ஆண்டு பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரில் இதைப் பற்றி உரையாற்றினார். 1960-இல் அது கட்டுரையாக வெளிவந்தது. எப்போது கை குலுக்குவது, அழைப்பை எப்போது ஏற்பது, எப்போது மறுப்பது போன்ற சிறு வழக்கங்களை நாம் மூச்சு விடுவதுபோல் நினையாமலே செய்கிறோம். புதிய நாட்டில் அவை பயன்படாமற் போவதால்தான் அச்சமும் எரிச்சலும் பிறக்கின்றன என்று அவர் விளக்கினார்.

நான்கு படிகள்

முதற்படியில் எல்லாம் புதுமை, எல்லாம் இன்பம். இரண்டாம் படியில் கோபம் வரும். அந்நாட்டாரைக் குறை கூறித் தம் நாட்டாருடன் மட்டும் கூடிக்கொள்வர். மூன்றாம் படியில் மொழி சிறிது வசப்படும்; சிரிப்பும் திரும்பும். நான்காம் படியில், ‘இதுவும் ஒரு வாழ்க்கை முறையே’ என்று மனம் ஏற்றுக்கொள்ளும்.

ஓமான் நாட்டில்

ஓமானில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு வேலை நாள். ஆகவே அங்குள்ள கிறிஸ்தவர் பலர் வெள்ளிக்கிழமையே கோயிலுக்குச் செல்கின்றனர். ரமலான் மாதத்தில் பகலில் பொது இடங்களில் எவரும் உண்பதும் பருகுவதும் கூடாது. விருந்தினருக்குச் சிறு கிண்ணத்தில் காப்பி தருவர். போதுமென்றால் கிண்ணத்தை இலேசாக ஆட்ட வேண்டும். இதை அறியாதவருக்கு மீண்டும் மீண்டும் ஊற்றிக்கொண்டே இருப்பர்!

ஊர் திரும்பினால்?

சொந்த நாட்டிற்குத் திரும்புவோருக்கும் இதே அதிர்ச்சி உண்டு என்று கல்லஹார்ன் என்னும் பெயருடைய ஆய்வாளர் இருவர் 1963-இல் எழுதினர். இது உண்மை என்பதை நாங்கள் கண்ணாரக் கண்டோம். புதிய மாணவி தமிழ்ப் பாடத்தை எழுத்துக்கூட்டிப் படித்தபோது வகுப்பே சிரித்தது. மறுநாள் முதல் அவள் தனியே அமர்ந்து உண்டாள். காரணம் கேட்டோம். “அங்கே என்னை இந்தியப் பெண் என்றார்கள். இங்கே நீங்கள் வெளிநாட்டுக்காரி என்கிறீர்கள். அப்படியானால் நான் எந்த ஊர்?” என்றாள். எங்களிடம் விடை இல்லை.

முடிவுரை

அன்று முதல் மதிய இடைவேளையில் அவளோடு சேர்ந்து தமிழ் படிக்கத் தொடங்கினோம். காப்பிக் கிண்ணத்தின் கதையை எங்களுக்குச் சொன்னவள் அவளே. இன்றும் ‘ழ’கரம் அவளுக்குச் சற்றுத் தகராறுதான், ஆனால் நாங்கள் சிரிப்பதில்லை.

அன்புத் தோழியரே! நாளை நம்மில் பலர் செவிலியராகவும் ஆசிரியைகளாகவும் கடல் கடப்போம். அங்கே நம் தடுமாற்றத்தைக் கண்டு சிரியாமல், அருகில் அமர ஒருவர் வேண்டும் என்று ஏங்குவோம். அந்த ஒருவராக இன்றே, இங்கேயே இருக்கப் பழகுவோமாக!