மந்திரவாதிக்கு வலிமை தருவன யாவை?

விளையாட்டைப்பற்றியும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவதுண்டோ என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். இக்கட்டுரையின் தலைப்பைக் கேட்டபொழுது, விடுதியில் என்னுடன் ஓரறையில் உறையும் நண்பரும் அவ்வாறே நகைத்தார். ஆயினும், எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்னும் வினா நம் வாழ்வில் நாள்தோறும் எழுவதொன்று. அவ்வினாவை நம் கண்முன் நிறுத்தி, தவறான விடைக்குத் தண்டனையும் உடனே தரும் விளையாட்டொன்று உளதாயின், அதனை ஆராய்வது வீண் செயலாகாது. 'நெட்ஹாக்' அத்தகைய விளையாட்டாகும். அதன்கண் வரும் மந்திரவாதி எவ்வெப் பொருள்களைத் தேர்ந்து அணியின் வலிமை பெறுவான் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1. விளையாட்டின் இயல்பு

ஏறக்குறைய 1980-ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர்களான மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்பார் 'ரோக்' என்னும் கணினி விளையாட்டை இயற்றினர். கென் ஆர்னால்டு என்பாரும் பின்னர் அப்பணியிற் கலந்துகொண்டார். அதனைப் பின்பற்றி, ஜே பென்லசன் என்பார் பள்ளி மாணவராயிருந்தபொழுதே 'ஹாக்' என்பதனை ஆக்கினார். அதனினின்றும் வளர்ந்து 1987-இல் வெளிவந்ததே நெட்ஹாக். ரோக்கை ஒத்த இவ்வகை விளையாட்டுக்களுக்கு இரண்டு இலக்கணங்கள் சிறப்பாக உள. முதலாவது, நிலவறைகள் ஒவ்வோர் ஆட்டத்திலும் புதிதாக அமையும். ஆதலின் ஒருமுறை சென்ற வழியை மனப்பாடம் செய்து மறுமுறை செல்லுதல் இயலாது. இரண்டாவது, இறந்தவன் இறந்தவனே. அவன் ஈட்டிய பொருளும் பெற்ற பயிற்சியும் அவனோடு அழியும். மீண்டும் முதலிலிருந்தே தொடங்கல் வேண்டும்.

நிலவறையின் ஆழத்தில் மறைந்துள்ள யெண்டோரின் தாயத்தைக் கைப்பற்றி மேலே கொணர்ந்து காணிக்கையாக்குவதே ஆட்டத்தின் நோக்கம். அதற்குப் புறப்படுவோர் பதின்மூன்று வகையினர். அவருள் ஒருவன் மந்திரவாதி.

2. மந்திரவாதியின் இயல்பு

ஒருவனுக்கு எது வேண்டும் என்று அறிய வேண்டுமாயின், அவனிடம் எது உண்டு, எது இல்லை என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். மானிட இனத்து வால்கிரி என்னும் போர்மகள் 16 உயிர்ப்புள்ளிகளுடன் புறப்படுகின்றாள். மானிட மந்திரவாதிக்கு உள்ளவை 12. காப்பு எண் எவ்வளவு குறைகின்றதோ அவ்வளவு நன்று என்பது இவ்விளையாட்டின் விதி. வால்கிரிக்கு அது 6, மந்திரவாதிக்கு 9. உடல் வலியிலும் காப்பிலும் இவன் எளியவன் என்பது இதனாற் பெறப்படும்.

இவனுடைய செல்வம் வேறு. 'விசைத்தாக்கு' என்று நாம் பெயர்க்கக்கூடிய மந்திரமொன்றை இவன் தொடக்கத்திலேயே அறிவான். அது 2 முதல் 24 வரை ஊறு விளைக்கவல்லது. மேல்தளங்களில் வாழும் உயிர்களிற் பெரும்பாலானவை ஓரடியில் மாயும். ஆனால், அதனை ஒருமுறை ஓத 5 அலகு மந்திர ஆற்றல் செலவாகும். தொடக்கத்தில் மானிட மந்திரவாதியிடம் உள்ளதோ 6 முதல் 8 அலகே. எனவே, ஒருமுறை ஓதியபின் ஆற்றல் மீண்டும் ஊறும்வரை அவன் கைத்தடியையும் உடன்வரும் பூனைக்குட்டியையும் நம்பியே நிற்கின்றான்.

இவற்றோடு, இவன் தோள்மீது ஒரு மேலங்கி கிடக்கின்றது. பார்வைக்கு எளிய அவ்வங்கி மாய எதிர்ப்பு என்னும் அரிய பண்பை அளிப்பது. பிற வகையினர் நெடுந்தொலைவு சென்று அரிதிற் பெறும் அதனை மந்திரவாதி பிறப்புரிமையாகவே பெற்றுள்ளான். அதன் அருமை அறியாது கழற்றியெறிந்து கெட்டவர் பலர்.

3. யான் செய்த பிழை

நிற்க. இக்கட்டுரை எழுத நேர்ந்த காரணத்தை ஈண்டுச் சொல்லிவிடுதல் நன்று. கடந்த விடுமுறையில் யான் ஒரு மந்திரவாதியைப் பல நாள் பேணி வளர்த்தேன். குள்ளர் சுரங்கத்தில் ஒரு குள்ளனை வென்று, அவன் அணிந்திருந்த மித்ரில் சட்டையையும் இரும்புத் தலைக்கவசத்தையும் எடுத்து என் மந்திரவாதிக்கு அணிவித்தேன். 9 ஆக இருந்த காப்பு எண் உடனே 3 ஆயிற்று. திரையின் அடியில் அவ்வெண்ணைக் கண்டு யான் அடைந்த களிப்புக்கு அளவில்லை.

சில தளங்கள் கீழே சென்றபொழுது சிப்பாய் எறும்பு ஒன்று எதிர்ப்பட்டது. அதன் வேகம் 18. நம் வேகம் 12. ஓடித் தப்பவியலாது. விசைத்தாக்கை ஓதினேன், பலிக்கவில்லை. மறுமுறை ஓதினேன், பலிக்கவில்லை. மூன்றாம் முறையும் அவ்வாறே. பல நாள் வளர்த்த மந்திரவாதி புதிய கவசம் பளபளக்க மாண்டு கிடந்தான்.

காரணத்தைப் பின்னரே ஆராய்ந்தேன். மந்திரம் பலிப்பதற்குத் தடையாவன எவையென்று நெட்ஹாக் ஒரு கணக்கு வைத்துள்ளது. மந்திரவாதியின் அடிப்படைத் தடை 1. உலோக உடற்கவசம் அணியின் 10 கூடும்; உலோகத் தலைக்கவசத்துக்கு 4; உலோகக் கையுறைக்கு 6; உலோகக் காலணிக்கு 2; கேடயத்துக்கு 3. கூட்டுத்தொகை 20 ஆயின் எம்மந்திரமும் பலியாது. அறிவுநிலை 18 உடைய மந்திரவாதி உலோகமின்றி விசைத்தாக்கை ஓதும்பொழுது அது தவறுவதே இல்லை. உலோகச் சட்டை ஒன்றை மட்டும் அணிந்தால் நூற்றுக்கு 40 முறை தவறும். தலைக்கவசத்தையும் சேர்த்தால் 76 முறை தவறும். என் மந்திரவாதி தன் வாளாகிய மந்திரத்தில் முக்காற்பங்கை விற்று ஒரு சட்டை வாங்கியிருந்தான்!

இதில் ஒரு நுட்பம் காண்க. காப்பு எண் திரையின் அடியில் எப்பொழுதும் தோன்றிக்கொண்டேயிருக்கும். மந்திரம் தவறும் விழுக்காடோ, மந்திரப் பட்டியலைத் திறந்து பார்ப்பவனுக்கே தெரியும். வரவு கண்முன் நின்றது. இழப்பு ஒரு பக்கம் தள்ளி மறைந்திருந்தது. யான் அப்பக்கத்தைத் திறக்கவேயில்லை.

இதனால் நாம் பெறும் முதல் விதியாவது: எப்பொருளும் தரும் நன்மையை நோக்கும்பொழுதே, அது நம் இயல்பான வலிமையில் எதனைப் பறிக்கின்றது என்பதையும் நோக்குக. வல்லமைக் கையுறை என்றொன்று உண்டு. அணிந்தவனுடைய உடல்வலியை விளையாட்டின் உச்ச எல்லையாகிய 25-க்கு உயர்த்துவது அது. வாட்போர் புரிவோர்க்கு அதனினும் சிறந்தது அரிது. ஆயின் அது இரும்பாலாயது, மந்திரவாதிக்குத் தடையே. மற்று, அறிவொளித் தலைக்கவசமும் இரும்பேயாயினும் அதற்குத் தடை விதிக்கப்படவில்லை. நற்பதம் உடையதாயின் அறிவையும் உயர்த்தும். அறிவுநிலை 17-க்குக் குறையாத மந்திரவாதிக்கு மந்திரம் ஓதுவதாற் பசியும் மிகாது. ஆதலின் ஒருவனுக்கு அமுதாவது மற்றொருவனுக்கு நஞ்சாதல் கூடும்.

4. சாவு புகும் வாயில்கள்

இனி, எவற்றைத் தேடவேண்டும் என்பதை நோக்குவோம். அதிக ஊறு செய்யும் பொருளைத் தேடுவதே இளையோர் இயல்பு. ஆழத்தில் வாழும் பகைவரோ சிறுகச் சிறுகக் கொல்பவரல்லர். ஒரே அடியிற் கொல்பவர். எனவே சாவு எவ்வாயில் வழியாகப் புகும் என்று எண்ணி, அவ்வாயிலை அடைக்கும் பொருளே முதற்கண் தேடத்தக்கது.

அவ்வாயில்களைக் காக்கும் காவல்கள் இரண்டு. ஒன்று மேற்கூறிய மாய எதிர்ப்பு, மற்றொன்று பிரதிபலிப்பு. மாய எதிர்ப்புடையவனைப் பெரும் மந்திரப் பகைவர் ஏவும் சாவுத்தீண்டல் கொல்லாது. உருமாற்றும் பொறியும் இடம்பெயர்க்கும் பொறியும் வருத்தா. ஆனால் துயில், நெருப்பு, குளிர், மின்னல் என்னும் கதிர்களை அது தடுப்பதில்லை. கருநிற டிராகனின் உடலைச் சிதைக்கும் மூச்சையும் தடுப்பதில்லை. இவற்றைத் திருப்பியடிப்பது பிரதிபலிப்பு. மெடூசாவின் பார்வையையும் அது திருப்பும். ஆயினும் சாவுத்தீண்டல் கதிரன்று; ஆகலின் பிரதிபலிப்பு அதனைத் தடாது. ஒன்று காக்காத இடத்தை மற்றொன்று காப்பதால், இரண்டும் ஒருங்கே வேண்டும் என்க.

5. இடங்களின் கணக்கு

அங்ஙனமாயின், கிடைப்பனவெல்லாம் அணிந்துகொள்ளலாமே எனின், அற்றன்று. உடற்கவசம் ஒன்று, மேலங்கி ஒன்று, தாயத்து ஒன்று, கையிற் படைக்கலம் ஒன்று, மோதிரம் இரண்டு என்று இடங்கள் எண்ணிக்கையில் அடங்கும். ஒரு பொருளை ஏற்பது அவ்விடத்தில் பிறிதொன்றை மறுப்பதேயாம்.

மந்திரவாதிக்கு ஏற்ற மற்றொரு பொருள் நீளங்கி. அது மந்திரத் தடையைக் குறைக்கும். உலோகச் சட்டை அணிந்தார்க்கும் சட்டையின் தடையைப் பாதியாக்கும். ஆனால் அதுவும் மேலங்கியின் இடத்தையே கொள்வது. எனவே அதனை விரும்புவோன் மாய எதிர்ப்பு மேலங்கியைக் கழற்றல் வேண்டும். கழற்றினால் மாய எதிர்ப்புக்கு வேறு வழி யாது?

வழிகள் மூன்றினை ஈண்டு எடுத்துக்காட்டுவோம்.

(அ) தொடக்கத்துப் பெற்ற மேலங்கியைக் கழற்றாது வைத்து, அதன்கீழ் வெள்ளிநிற டிராகனின் செதிற்கவசத்தை அணிதல். அது பிரதிபலிப்பைத் தரும். காப்பு எண்ணில் 9 குறைக்கும். உலோகமன்று, ஆதலின் மந்திரத்துக்குத் தடையுமில்லை. உலோகத் தகட்டுக் கவசம் 450 அலகு எடையுடையதாய்க் காப்பு எண்ணில் 7 மட்டுமே குறைக்க, இக்கவசம் 40 அலகே எடையுடையது. எளிமையும் உறுதியும் வாய்ந்த வழி இதுவே.

(ஆ) சாம்பல்நிற டிராகனின் கவசத்தால் மாய எதிர்ப்பும், பிரதிபலிப்புத் தாயத்தாற் பிரதிபலிப்பும் பெற்று, மேலே நீளங்கி அணிதல். மந்திரம் ஓத இது மிக ஏற்றது. ஆயின் கழுத்தில் இடமில்லாமையின், ஒருமுறை சாவினின்று மீட்கும் உயிர்காக்கும் தாயத்தை அணிய இயலாது.

(இ) மந்திரவாதிக்குரிய 'மேஜிக்பேன்' என்னும் குறுவாளைக் கையில் ஏந்தி மாய எதிர்ப்புப் பெற்று, வெள்ளிநிறக் கவசமும் நீளங்கியும் அணிதல். கழுத்தும் இங்கே ஒழிவாகும். ஆனால் குறுவாள் கையை விட்டு அகலுந்தோறும் காவலும் அகலும்.

பிரதிபலிப்புக் கேடயம் என்றொன்றும் உண்டு. எனினும் அதன் எடை மிகுதியால் பெரும்பாலான மந்திரங்கள் பலிக்கும் வாய்ப்பு நாலில் ஒரு பங்காகச் சுருங்கும். மந்திரவாதிக்கு அது கடைப்பட்ட வழியே.

6. அறியாததை அணியாமை

ஒவ்வோர் ஆட்டத்திலும் மோதிரம், தாயத்து முதலியவற்றின் தோற்றம் மாறியமையும். நேற்று உயிர்காத்த வட்டத் தாயத்து இன்று கழுத்தை நெரிக்கும் தாயத்தாதல் கூடும். அதனை அணிந்தவன் கழற்றாவிடில் ஆறு முறைகளுக்குள் மாள்வான். சாபம் ஏறியதாயின் கழற்றவும் ஒண்ணாது. ஆதலின் சோதித்தறிதல் இன்றியமையாதது.

சோதனைகளும் எளியனவே. பலிபீடத்தின்மேல் பொருளை இட்டால் சாபமுடையது கரிய ஒளியும், ஆசியுடையது பொன்னிற ஒளியும் காட்டும். பலிபீடம் இல்லாவிடத்துப் பூனைக்குட்டியை நோக்குக; சாபப் பொருளின்மேல் அது மனமுவந்து மிதியாது. மந்திரக்கோலால் தரையில் எழுதிப் பார்த்தால், நெருப்புக்கோல் எழுத்தை எரித்துப் பொறிக்கும். பலவற்றின் இயல்பு இவ்வாறு வெளிப்படும். கடைக்காரன் சொல்லும் விலையும் ஒரு குறிப்பே: அடிப்படை விலை 20 உடைய ஓலைச்சுருள், பொருளறிவிக்கும் சுருள் ஒன்றே. கவசத்தின் பதத்தை உயர்த்தும் சுருளையும் அளவறிந்து பயன்படுத்துக. பதம் 3-க்கு மேற்பட்ட கவசத்தின்மேல் அதனை மீண்டும் ஓதின், கவசமே ஆவியாகி மறைதல் கூடும்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மந்திரவாதியின் வலிமைக்குரிய விதிகள் நான்கென்பது போதரும். தன் இயல்பான ஆற்றலைக் குறைக்கும் பொருளைத் தள்ளுக. சாவு புகும் வாயிலை முதலில் அடைக்க. இடங்களின் கணக்கை மறவாது ஒன்றன்பொருட்டு ஒன்றை விடுக. அறியாததைச் சோதித்தபின் அணிக.

சென்ற ஆண்டுத் தேர்வுக்கு முன், நன்மதிப்பெண் பெற்ற மூத்த மாணவர் ஒருவரின் குறிப்பேடுகளை இரவல் பெற்று, அவர் நடையையே நெட்டுருச் செய்துகொண்டு சென்றேன். வினாத்தாளைக் கண்டதும் அவர் சொற்கள் பாதியில் நின்றன; என் சொற்களோ வரவேயில்லை. அன்று ஏன் தோற்றேன் என்பது எனக்கு விளங்கவில்லை. சிப்பாய் எறும்பின்முன் கவசத்தோடு வீழ்ந்த மந்திரவாதியைக் கண்டபின்னரே விளங்கிற்று. குள்ளனுக்கு அச்சட்டை நன்றே. அந்த மாணவருக்கு அந்நடையும் நன்றே. பிழை பொருளின்கண் இல்லை. அணிந்தவன் தன்னை அறியாமையின்கண் இருந்தது.

இப்பொழுது புதியதொரு மந்திரவாதியுடன் நிலவறையில் இறங்கியுள்ளேன். குள்ளர் சுரங்கத்தில் மித்ரில் சட்டை மீண்டும் கிடைத்தது. அதனை அங்கேயே விட்டுவிட்டு, பழைய மேலங்கியோடு மேலே நடந்தேன். காப்பு எண் இன்னும் 9 தான். ஆயினும் மந்திரம் தவறவில்லை.