பழுது பார்த்த பின் முனகும் ஸ்டியரிங்

பிடோக் வட்டாரத்துப் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில், வளைந்து மேலேறும் சரிவில் ஸ்டியரிங்கைத் திருப்புந்தோறும், நேற்றுத்தான் பட்டறையில் புதுப் பம்ப் பொருத்தி எடுத்துவந்த பழைய வேன் தீனமாக முனகினால், பம்ப்பே பழுதென்று நிச்சயித்து மறுபடியும் பணம் செலவிட விரையுமுன், அந்தச் சப்தம் எத்தகையது என்பதை நிதானமாகக் கேட்டறிய வேண்டும். (முழுவதும் மின்மோட்டாரால் இயங்கும் ஸ்டியரிங்கில் எண்ணெயே கிடையாது, நான் சொல்வது எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவதைப் பற்றியே.)

கிறீச்சென்று கூவினால் பெல்ட்டின் இறுக்கத்தைப் பாருங்கள். எஞ்சின் வேகத்தோடு கூடிக் குறையும் முனகலாயின், பெரும்பாலும் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. எண்ணெய்க் கிண்ணத்தில் நுரையோ பால்போன்ற வெளிறலோ தென்பட்டாலும், எஞ்சினை நிறுத்தியதும் எண்ணெய் மட்டம் உயர்ந்தாலும் சந்தேகமே வேண்டாம்.

காற்றை வெளியேற்ற, சமதரையில் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டின்மேல் இருத்தி, எஞ்சினை இயக்காமலே ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை இருபது தடவை மெல்லத் திருப்புங்கள். மட்டம் இறங்க இறங்க எண்ணெய் ஊற்றி வாருங்கள். பிறகு எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, சில தடவை அவ்வாறே திருப்பலாம். ஆனால் கோடியில் ஐந்து விநாடிக்குமேல் பிடித்து நிறுத்தலாகாது, அழுத்தம் உச்சத்தில் நின்று பம்ப் சூடேறிவிடும். ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்து மீண்டும் பாருங்கள்.

நுரை திரும்பவும் தோன்றினால், என் அபிப்பிராயத்தில், கிண்ணத்திலிருந்து பம்ப்புக்குச் செல்லும் உறிஞ்சு குழாயையே முதலில் ஆராய வேண்டும். எண்ணெய் சொட்டும் இடத்தைத்தான் யாவரும் தேடுகிறார்கள். இந்தக் குழாயோ உள்நோக்கி இழுப்பதால், ஒரு துளியும் வெளியே சிந்தாமல் காற்றை மாத்திரம் உட்கொள்ளும். பழுது பார்க்கையில் கழற்றிய பழைய ரப்பர்க் குழாய் வெப்பத்தால் இறுகிப்போயிருக்கும். அதைத் திரும்பவும் மாட்டாமல் குழாயையும் கிளிப்பையும் பம்ப் வாயிலுள்ள ரப்பர் வளையத்தையும் புதிதாக மாற்றுவதே உத்தமம்.

எண்ணெயின் வகையும் முக்கியம். கிண்ணத்து மூடியிலோ கையேட்டிலோ குறித்ததைத் தவிர வேறு எதையும் ஊற்றியிருந்தால், முழுவதையும் வடித்துப் புதிதாக நிரப்புங்கள்.

வடித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டவே கூடாது. 1986-இல் நிறைவேறிய திட்டப்படி, நகர்ப்புற வடிகால்களில் ஓடும் மழைநீரும் பிடோக் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, சுத்திகரிக்கப்பட்டு நம் குழாய்களுக்கு வருகிறது. மூடியுள்ள டப்பாவில் அடைத்து, கழிவெண்ணெய் வாங்கிக்கொள்ளும் பட்டறையில் ஒப்படையுங்கள்.